ஜெயிச்சா பதினெட்டு, தோத்தா இருபத்திரண்டு: ரேங்க் மேட்ச்சுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கூட்டம் புதிதாக ஆன்லைன் கேம்களின் ரேங்க் மேட்ச்சில் இறங்கும். ஜெயித்தால் புள்ளி கூடி ரேங்க் ஏறும், தோற்றால் இறங்கும் ஆட்டம் அது. முதலில் மளமளவென்று ஏறும். அப்புறம் ஒரு இடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து மூன்று பேச்சுதான் காதில் விழும்: "டீம்மேட் எல்லாம் நூப்" (ஆடத் தெரியாதவன்), "கேம் வேணும்னே தோக்கடிக்குது", "காசு போட்டாதான் மேல விடுவான்." இதில் எது எரிச்சலில் வருவது, எது நிஜமான குறை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் போனை உடைப்பீர்கள், இல்லை யாரிடமாவது ரேங்க் ஏறிய ஐடி, அதாவது கேம் அக்கவுண்ட், வாங்கி ஏமாறுவீர்கள்.

வேலரண்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், டோட்டா 2 மாதிரி ஐந்துக்கு ஐந்து ஆடுபவர்களையும், பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் நாலு பேர் ஸ்குவாடாகப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். தனி ஆள் கேம்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில்: உங்களுக்கு இரண்டு எண் இருக்கிறது

பெயருக்குப் பக்கத்தில் பளபளக்கும் கோல்டு, டைமண்ட் எல்லாம் வெளியே காட்டும் ரேங்க். உள்ளே இன்னொரு எண் ஓடுகிறது. ஆடுகிறவர்கள் அதை எம்எம்ஆர் (மேட்ச்மேக்கிங் ரேட்டிங்) என்பார்கள். உங்களுக்கு எதிரில் யாரை நிறுத்துவது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த உள் எண்தான். வெளி ரேங்க் அதைத் துரத்திக்கொண்டு பின்னால் போகும்.

இந்த உள் எண்ணின் பூர்வீகம் செஸ். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஏலோ போட்ட கணக்கு அது. 1960-ல் அமெரிக்க செஸ் கூட்டமைப்பும், 1970-ல் உலக அமைப்பான ஃபிடேயும் அதை எடுத்துக்கொண்டன. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ரேட்டிங் டோர்னமெண்டுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற அப்பாக்களுக்கு இது மனப்பாடம். இருவரும் சமம் என்றால் ஆளுக்கு 50 சதவீத வாய்ப்பு. 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் எண் கூடியவருக்கு 64, 200 இருந்தால் 76, 400 இருந்தால் 91. எதிர்பார்த்தபடி ஜெயித்தால் கொஞ்சம்தான் கூடும், எதிர்பாராமல் ஜெயித்தால் நிறையக் கூடும்.

1995-ல் மார்க் கிளிக்மன் கிளிக்கோ என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். எண்ணோடு கூடவே, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அது கணக்கு வைக்கும். புது ஆள், அல்லது ரொம்ப நாள் ஆடாத ஆள் என்றால் சந்தேகம் அதிகம், அதனால் எண் ஏகமாக ஆடும். உங்கள் முதல் சில மேட்ச்சில் ரேங்க் தாவித் தாவிப் போவதற்கு இதுதான் காரணம். அணி அணியாக ஆடும் கேம்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எக்ஸ்பாக்ஸுக்காக டுரூஸ்கில் என்று ஒன்றைச் செய்தார்கள். இன்றைய கேம்கள் பலவற்றில் உள்ளே ஓடுவது இவற்றின் சொந்தபந்தம்தான்.

சரி, தலைப்புக்கு வருவோம். மன்னார்குடியில் ஹரித்ரா நதிக் கரையில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா மகன் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான்.

"பாருண்ணே, ஜெயிச்சா பதினெட்டு, தோத்தா இருபத்திரண்டு. இது அநியாயம் இல்லையா?"

"போன மாசம் எவ்வளவு வந்துச்சு?"

"அப்ப இருபத்தாறு வந்துச்சு. தோத்தா பதினாலுதான் போகும்."

"அப்ப ஏன்டா அநியாயம்னு சொல்லல?"

சிரித்தான், பதில் இல்லை. நடந்தது இதுதான். போன மாதம் அவனுடைய உள் எண் வெளி ரேங்க்கைவிட மேலே இருந்தது. அதனால் கேம் அவனை வேகமாக ஏற்றிவிட்டது. இப்போது வெளி ரேங்க் உள் எண்ணைத் தாண்டிப் போய்விட்டது, அதனால் இழுத்துப் பிடிக்கிறது. 26-க்கு 14 என்றால் நூற்றுக்கு 35 மேட்ச் ஜெயித்தாலே இறங்காமல் இருக்கலாம். 18-க்கு 22 என்றால் 55 ஜெயித்தால்தான் அதே இடத்தில் நிற்கலாம். கணக்கு லேசானது: தோற்றால் போவதை, இரண்டும் சேர்ந்த தொகையால் வகுத்துக்கொள்ளுங்கள். 22-ஐ 40-ஆல் வகுத்தால் 0.55.

இதற்காகக் கேமைத் திட்ட வேண்டியதில்லை. இதில் திட்ட வேண்டியது ஒன்றுதான்: உள் எண்ணை ஏன் மறைத்து வைக்கிறார்கள்? டோட்டா 2 எம்எம்ஆரை அப்படியே எண்ணாகக் காட்டுகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-ன் பிரீமியர் என்ற ரேங்க் ஆட்டத்திலும் எண்ணாகவே தெரியும். காட்டினால் குடி முழுகிவிடாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். மறைத்து வைத்தால் பதக்கத்துக்காக இன்னொரு மேட்ச் ஆடுவோம். எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான்.

அடுத்தது: ஐந்தில் ஒருவர் என்பதன் கணக்கு

இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள். "நான் இந்த ரேங்க்குக்கு மேலான ஆள், ஆனா ஏற முடியல" என்று சொல்பவர்கள் பலபேர் பொய் சொல்லவில்லை.

நீங்கள் இருக்கிற ரேங்க்கைவிட நிஜத்தில், மேலே சொன்ன செஸ் கணக்குப்படி, 200 புள்ளி மேலான ஆள் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக்கு ஒற்றை என்றால் 76 சதவீதம் ஜெயிப்பீர்கள், ஒரு வாரத்தில் மேலே போய்விடுவீர்கள். ஐந்து பேர் அணியில் உங்களுடைய 200, ஐந்தாகப் பிரிந்து சராசரியை 40 புள்ளிதான் உயர்த்தும். 40 புள்ளிக்கு வெற்றி வாய்ப்பு சுமார் 56 சதவீதம். நாலு பேர் அணி என்றால் 57. அணியின் பலம் சராசரிதான் என்று எடுத்துக்கொண்ட தோராயக் கணக்கு இது. துப்பாக்கி கேமில் கடைசியாக மிஞ்சிய ஒரே ஆள் எதிரணியை வீழ்த்தி (இதைக் கிளட்ச் என்பார்கள்) மொத்தத்தையும் மாற்றுவது உண்டு. ஆனால் போகும் திசை இதுதான்.

56 சதவீதத்தில், ஒரு மேட்ச்சுக்கு இருபது கூடும் இருபது குறையும் என்றால், சராசரியாக ஒரு மேட்ச்சில் கையில் நிற்பது இரண்டரைப் புள்ளிகூட இல்லை. நூறு புள்ளி ஏற நாற்பது மேட்ச்சுக்கு மேல் ஆகும். அதுவும் நிஜமாகவே திறமையானவருக்கு! அரையாண்டு லீவு பத்து நாளில் பிளாட்டினத்திலிருந்து டைமண்ட் போய்விடலாம் என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

அதிர்ஷ்டமும் நாம் நினைப்பதைவிடப் பெரியது. சரிபாதி ஜெயிக்கிற ஒருவர் நூறு மேட்ச் ஆடினால், எங்காவது ஓரிடத்தில் ஐந்து மேட்ச் தொடர்ந்து தோற்க 81 சதவீத வாய்ப்பு இருக்கிறது. சதி எதுவும் வேண்டாம், காசு சுண்டிப் பார்த்தாலே இப்படித்தான் விழும். இருபது மேட்ச்சில் எட்டு ஜெயித்ததும் பன்னிரண்டு ஜெயித்ததும் ஒரே ஆளாக இருக்கலாம். ஆகவே ஒரு ராத்திரியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

"என் டீமில்தான் எப்பவும் ஏஎஃப்கே", அதாவது ஆட்டத்தை நடுவில் விட்டுப்போகிற ஆள், என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நீங்கள் நடுவில் விட்டுப்போகிற ஆள் இல்லை என்றால், உங்கள் அணியில் அப்படி ஒருவர் வர நாலு இடம்தான், எதிரணியில் ஐந்து இடம். நெடுநாளில் அது உங்களுக்குத்தான் லாபம். எதிரணியில் ஒருவன் காணாமல்போன மேட்ச் நமக்கு நினைவில் நிற்பதில்லை. ஜெயித்த மேட்ச் அல்லவா!

உங்கள் கேமின் ஏணி எந்த வகை என்று பாருங்கள்

உள் எண் பெரும்பாலும் நியாயமாகத்தான் வேலை செய்யும். கோளாறு வருவது அதன் மேல் கட்டிய ஏணியில். கேமில் ரேங்க் பக்கத்திலேயே விதிகள் இருக்கும், யாரும் படிப்பதில்லை. படித்தால் கீழே சொல்கிற நாலில் ஒன்று கண்ணில் படும்.

பழைய வகை, தேர்வுத் தொடர். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2013-ல் கொண்டுவந்தது. நூறு புள்ளி சேர்ந்ததும் மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும், பெரிய படி என்றால் ஐந்தில் மூன்று. என் பார்வையில் இது சுத்த அநியாயம். 55 சதவீதம் ஜெயிக்கிற, அதாவது மேலே போகத் தகுதியான ஒருவர், மூன்று மேட்ச் தொடரைத் தாண்ட வாய்ப்பு 57 சதவீதம், ஐந்து மேட்ச் தொடருக்கு 59. பத்துத் தகுதியானவர்களில் நாலு பேரைத் திருப்பி அனுப்புகிற தேர்வு எதை அளக்கிறது? போதாக்குறைக்கு, நூறு புள்ளியை அவர் ஏற்கெனவே மேட்ச் ஆடித்தான் சேர்த்தார். சின்னப் படிகளுக்கான தொடரை அந்தக் கேமை நடத்துகிறவர்களே 2021-ல் எடுத்துவிட்டார்கள். உங்கள் கேமில் இன்னும் இது இருந்தால், தொடரில் தோற்றதை உங்கள் ஆட்டத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, நட்சத்திர வகை. ஜெயித்தால் ஒன்று வரும், தோற்றால் ஒன்று போகும், சில தோல்விக்கு 'பாதுகாப்பு' கிடைக்கும். பத்துத் தோல்வியில் இரண்டு பாதுகாக்கப்பட்டால், பத்து ஜெயித்துப் பத்துத் தோற்றவர் இரண்டு நட்சத்திரம் ஏறியிருப்பார். திறமை அப்படியே இருக்கும், ரேங்க் ஏறிக்கொண்டே போகும். இங்கே ரேங்க் காட்டுவது பாதி திறமை, பாதி ஓய்வு நேரம். காலையில் வேலைக்குப் போய் ராத்திரி ரெண்டு மேட்ச் ஆடுகிறவர், நாள் முழுக்க ஆடுகிற பையனோடு இதில் போட்டி போட முடியாது. போட்டி போடவும் தேவையில்லை.

மூன்றாவது, பேட்டில் ராயல் வகை: பல அணிகள் ஒரே களத்தில் இறங்கி, கடைசிவரை மிஞ்சுகிறவர் ஜெயிக்கும் ஆட்டம். பிஜிஎம்ஐயில் எத்தனையாவது இடம் வந்தீர்கள், எத்தனை கில் (எத்தனை பேரை வீழ்த்தினீர்கள்) என்று எல்லாம் சேர்ந்துதான் பிளஸ், மைனஸ். புல்லுக்குள் படுத்துக்கிடந்து முதல் பத்துக்குள் வந்தவருக்கும் பிளஸ் விழும். இதைக் கேவலமாகப் பேசுவார்கள், ஆனால் விதி அதைத்தான் கேட்கிறது. உச்சியில் உள்ள காங்கரர் என்ற ரேங்க் மட்டும் வேறு ஜாதி. சர்வரில் முதல் 500 பேருக்குத்தான். அங்கே நீங்கள் நன்றாக ஆடினால் போதாது, மற்றவர்கள் எத்தனை மணி நேரம் ஆடுகிறார்கள் என்பதும் சேர்ந்துவிடும். புதியவர்கள் அதைக் குறிவைக்க வேண்டாம்.

நாலாவது, தனி ஆட்டத்துக்கும் புள்ளி கொடுப்பது. வேலரண்டில் வெற்றி தோல்வியோடு, எத்தனை ரவுண்டு வித்தியாசம், நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்பதும் ஓரளவு சேரும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கில் எண்ணிக்கைக்கு மதிப்பு ஏற ஏற, அடிபட்டவனை எழுப்புகிறவன், வழி பார்த்துச் சொல்கிறவன், ஸ்மோக் (மறைக்கும் புகை) போடுகிறவன் எல்லோரும் கணக்கில் விழாமல் போவார்கள். அணி ஆட்டத்தில் ஜெயித்தாயா என்பது மட்டும்தான் முக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் யாரையும் கில் திருட வைக்காது.

கேம் வேண்டுமென்றே தோற்கடிக்கிறதா?

இந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. ஆட்கள் கேமை விட்டுப் போகாமல் இருக்கும்படி எதிராளியைச் சேர்ப்பது எப்படி என்று 2017-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஆட்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஆண்டு, பொருள் வாங்கத் தூண்டும்படி மேட்ச் சேர்க்கும் முறைக்கு ஆக்டிவிஷன் என்ற இன்னொரு கேம் நிறுவனத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. எந்தக் கேமிலும் அதைப் போடவில்லை என்று அந்த நிறுவனம் சொன்னது. யோசித்தார்கள் என்பது நிச்சயம். உங்கள் கேமில் செய்கிறார்கள் என்பதற்கு நாலு தோல்வி ஆதாரமாகாது. மேலே சொன்ன காசு சுண்டும் கணக்கே நாலு தோல்விக்குப் போதும்.

ஒரு நோட்டு போடுங்கள்

போன் நோட்ஸ் வேண்டாம், காகிதம் நல்லது. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஒரு வரி: தேதி, நேரம், ஜெயமா தோல்வியா, எத்தனை புள்ளி, தனியாகவா ஸ்குவாடா, நெட் எப்படி. கடைசியில் ஒரே ஒரு சொல்லில் ஏன் தோற்றோம் என்று. "டீம்" என்று எழுதுவதற்குத் தடை. அதைத் தவிர எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

ஐம்பது வரி சேரும் வரை கூட்டிப் பார்க்காதீர்கள். சேர்ந்ததும் பார்க்க வேண்டியது மூன்று. சமீபத்தில் கூடும் புள்ளி பெரிதா, குறையும் புள்ளி பெரிதா? கூடுவது பெரிது என்றால் ஏணி உங்களை மேலே இழுக்கிறது, ஆடிக்கொண்டே இருங்கள். குறைவது பெரிது என்றால் ஆட்டத்தைத் திருத்தாமல் மேட்ச் எண்ணிக்கையை மட்டும் ஏற்றுவது வீண். அடுத்து, ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஆடியதைத் தனியாகக் கூட்டுங்கள். நஷ்டம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, தோற்ற உடனே ஆடிய மேட்ச்கள். கடுப்பில் தொட்ட அடுத்த மேட்ச் என்ன ஆயிற்று என்று நோட்டே சொல்லும். தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பிரச்சினைகள்

இதை எந்த ரேங்க் முறையும் கணக்கில் எடுப்பதில்லை. கரண்ட் போய் வைஃபை செத்தாலும், நீங்களாக ஓடிப்போனாலும் கேமுக்கு ஒன்றுதான். மைனஸ் விழும், திரும்பத் திரும்ப நடந்தால் தடையும் விழும். எங்கோ பெருநகரத்தில் ஃபைபர் வைத்திருப்பவரையும் வேதாரண்யத்தில் ஒற்றை டவரை நம்பியிருப்பவரையும் ஒரே தராசில் போடுகிறார்கள். நிஜமான அநியாயம் என்றால் இதைத்தான் சொல்வேன். டீம்மேட்டைப் பற்றிப் புலம்புகிறவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்று கொஞ்சம் எழும்பினாலே லைனை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் ஐந்துக்கு ஐந்து ரேங்க் மேட்ச்சைத் தொடுவதற்கு முன் வானத்தைப் பாருங்கள், அரை மணிக்கு மேல் ஓடும் மேட்ச் அது. வைஃபை போனால் மொபைல் டேட்டாவுக்கு மாற எவ்வளவு நேரமாகிறது என்று சும்மா ஒரு மேட்ச்சில் சோதித்து வையுங்கள். சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை ஊரே டவரில் இருக்கும். பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) நிலையாக இல்லை என்றால் அந்த நேரம் ரேங்க் இல்லாத மேட்ச் ஆடுங்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நிற்கும்போது ரேங்க் மேட்ச் ஆரம்பிக்கவே கூடாது. கேட் எப்போது திறக்கும் என்று தெரியாது, திறந்து பஸ் நகர்ந்ததும் சிக்னல் எங்கே போகும் என்றும் தெரியாது.

யாரோடு போவது

கேம் சேர்த்துவிடும் முன்பின் தெரியாத ராண்டமோடு போவதைவிட, தெரிந்த ஒருவரோடு இரண்டு பேராகப் போவது புதியவர்களுக்கு நல்லது. முழு ஸ்குவாடாகப் போனால் எதிரிலும் பெரும்பாலும் முழு ஸ்குவாடு வரும், அவர்கள் பேசி வைத்து ஆடுவார்கள். மைக் இல்லாத நாலு பேர் சேர்வதால் பிரயோசனம் இல்லை.

ரேங்க்கில் உங்களைவிட ரொம்ப மேலே இருக்கிற அண்ணன்மார் கீழே இறங்கிப் புது ஐடியில் வந்து உங்களைக் கூட்டிப்போகிறேன் என்பார்கள். பொங்கலுக்கு நடக்கும் எடை கபடியில் வெளியூர் ஆட்டக்காரனை நம்ம ஊர்ப் பெயரில் இறக்குவது மாதிரிதான் இது. கப் வரும், எதிரே ஆடிய பையன்களுக்கு வயிறெரியும், அடுத்த வருஷம் அந்த ஆள் இல்லாமல் நம் குட்டு வெளிப்படும். பெரும்பாலான கேம்களில் இது விதிக்கும் விரோதம். கூடப் போனவரின் ஐடிக்கும் சேர்த்துத் தடை வரலாம்.

ரேங்க் ஏறிய ஐடி விலைக்குக் கிடைக்கும் என்று டெலிகிராமில் யார் வந்தாலும் வாங்காதீர்கள். அசல் ஆள் பழைய மெயிலை வைத்து மீட்டுக்கொள்வான், பணமும் போகும் ஐடியும் போகும். உங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்து ஏற்றித் தரச் சொல்வதும் அதே கதைதான்.

புகார், சீசன்

ஏமாற்றுகிறவனை, வேண்டுமென்றே சாகிறவனை மேட்ச் முடிந்ததும் ரிப்போர்ட் செய்யுங்கள். சரியான காரணத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள், மோசமாக ஆடினான் என்பது காரணமல்ல. மேட்ச் நடுவில் சாட்டில் சண்டை போட்டால் தடை உங்களுக்கே விழும்.

சீசன் மாறும்போது எல்லோரையும் சில படி கீழே தள்ளிவிடுவார்கள். முதல் வாரத்தில் மேலே இருந்தவன், கீழே இருந்தவன் எல்லாம் ஒரே மேட்ச்சில் கிடப்பான், மேட்ச் எதுவும் சமமாக இருக்காது. அவசரமில்லை என்றால் அந்த வாரம் ஒதுங்கியிருந்து, எட்டாவது நாள் தொடங்குங்கள். நோட்டில் புதுப் பக்கம் திருப்புங்கள், போன சீசன் வரிகளை இதோடு சேர்த்துக் கூட்ட வேண்டாம்.